ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

மார்சேய் நகரின் வடக்கு ஓரத்தில்
எங்கள் கட்டடத்துக்குப் பதினான்கு மாடி.
லிஃப்ட் நின்று ஐந்து மாதம்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்கிறதாம்.
பார்த்தவர் யாருமில்லை.

புதன்கிழமை மதியம் பள்ளி இல்லை.
முன்பு துணி துவைத்த கீழறையில்
கதை எழுதக் கூடுகிறோம்.
மாயெலிஸ் இரண்டு பஸ் மாறி வருவாள்,
பை நிறையப் பேனா, இரண்டு பாக்கெட் பிஸ்கட்.
முதல் வாரம் பிஸ்கட்டுக்காகப் பத்துப் பேர்.
இரண்டாம் வாரமும் பிஸ்கட்டுக்காகத்தான்.

உங்களுக்குப் பிடித்த இடம் என்றாள்.
ஒன்பது பேர் கடல் என்று எழுதினோம்.
பன்னிரண்டாம் மாடி ஜன்னலில் தெரிகிற கடல்,
கட்டைவிரலால் மறைத்துவிடலாம்.
எங்களில் பாதிப் பேர் அதில் கால் நனைத்ததில்லை.
ஒன்பது கடலையும் படித்துவிட்டு
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு மேல்கூரையைப் பார்த்துக் கேட்டாள்:
"சரி, அந்த லிஃப்டுக்குள் யார்?"

ஒரு பெண் என்றாள் நஜ்லா,
ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தவள்.
நாய் என்றான் டோரியான். இரண்டு நாய்.
நாய்களை மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.
பெயர் நான் வைத்தேன்: மதாம் பெத்ரோனில்.
வாரத்துக்கு வாரம் வளர்ந்தாள்.
கம்பி வழியாக எல்லா வீட்டுச் சண்டையும் அவளுக்குக் கேட்டது.
ஒன்பதாம் மாடிக்காரர் வாடகை பாக்கியும் தெரியும்.
ரொட்டி மட்டும் தீரவே இல்லை.
அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

அன்ஸீஸ் எழுதுவதில்லை.
கோட்டைக் கழற்றாமல் கதவோரம் உட்காருவான்,
போன் அதிர்ந்தால் எழுந்து போவான்.
மளிகைப் பை தூக்க மாடிக்குப் பத்து சென்ட்,
தண்ணீர்க் கட்டு என்றால் இருபது.
அவன் அம்மாவுக்கு அது தெரியாது,
வீட்டில் பால் தீராதது மட்டும் தெரியும்.

ஒருநாள் கதவோரத்திலிருந்து சொன்னான்:
"பொய். நீங்கள் யாரும் படி ஏறி எழுதவில்லை.
மாடிக்குப் பதினாறு, மொத்தம் இருநூற்று இருபத்துநான்கு.
மூன்றில் பிளீச்சிங் வாடை.
ஐந்தில் எப்போதும் வெங்காயம் கருகும்.
ஆறில் பல்பு இல்லை, கிழவர்கள் என் தோளைப் பிடிப்பார்கள்.
ஏழில் பையை இறக்கிவைப்பேன்.
சுவரில் காதை வைத்தால்
கம்பி முனகும். அவ்வளவுதான் அவள்."
போன் அதிர்ந்தது, போய்விட்டான்.
ஒன்பது பேனாவும் ஓடின.
மாயெலிஸ் பேனாவும்.

நகராட்சிப் படிவம் வந்தது.
பயனடைந்தோர் எண்ணிக்கை?
பத்து என்று எழுதப் போனாள்.
"பதினொன்று" என்றோம்.

மார்ச்சில் இரண்டு பேர் கருவிப்பெட்டியோடு வந்தார்கள்.
நாற்பது நிமிட வேலை. ஐந்து மாதம் காத்திருந்தது அதற்கு.
பொத்தானில் வெளிச்சம் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.
கதவு திறந்தது.
உள்ளே பீட்சாக் கடை நோட்டீஸ் ஒன்று.
அன்ஸீஸ் கைதட்டவில்லை.
பைக்காது பதிந்த சிவப்புக் கோடுகளைக்
கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் புதன்கிழமை கோட் இல்லாமல் வந்தான்.
பெத்ரோனிலை என்ன செய்வது என்று சண்டை.
வீட்டுக்கு அனுப்பு என்றாள் நஜ்லா.
கொன்றுவிடு என்றான் டோரியான்,
எல்லாக் கதையிலும் கொல்கிறவன்.
அன்ஸீஸ் என் பேனாவைப் பிடுங்கி
எழுதினான், எழுத்துப்பிழையோடு:

*வெளியே வந்தாள். படியில் ஒரு பையன்.*
*என் ரொட்டியைத் தூக்கி வா என்றாள்.*
*லிஃப்ட் ஓடுகிறதே என்றான்.*
*ஐந்து மாதம் அதில் இருந்தேன், போதும் என்றாள்.*
*அவளுக்குப் பதினான்காம் மாடி.*

பன்னிரண்டு நாள் ஓடியது லிஃப்ட்.
நேற்று மறுபடி நின்றது, இந்த முறை மூன்றில்.
இருட்டில் இரண்டு தண்ணீர்க் கட்டோடு
என்னைக் கடந்து ஏறியவன்
மூச்சு வாங்கக் கத்தினான்:
"புதன்கிழமை வரை
உள்ளே யாரையும் வைக்காதே!"